நிறைமதிக்காக முப்பத்தோரு விதிகள்

நிகழ்ந்தது கார்த்திகை மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை; பகல் பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடம். ‘மதிய வாக்கில்’ என்று மற்றவர்கள் சொல்வார்கள். அப்படி வாக்கிலும் போக்கிலும் பேசுகிறவர்களால்தான் பள்ளிக்கூடங்கள் கெட்டுப்போகின்றன. அன்று மழை விட்டிருந்தது. கோவில்பட்டியில் மழை விட்டால் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு வகுப்பறை வரைக்கும் வரும். அதைப் பற்றியும் நான் ஒரு சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி அல்ல, இது. நீங்கள் கடிதத்தில் கேட்டிருந்த கோப்பு இதோ மேசைமேல் இருக்கிறது. ‘உணவு ஒவ்வாமையுள்ள மாணவர் பாதுகாப்புக் கொள்கை’. முப்பத்தோரு விதிகள், இரண்டு பின்னிணைப்புகள். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு குழந்தை வந்து சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நகல் எடுத்துக்கொண்டு கோப்பைத் திருப்பித் தாருங்கள். ஆனால் படிப்பதற்கு முன்னால் அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் வேறுவிதமாகப் பேசுகிறார்கள். இயற்றிய தலைமையாசிரியையான என்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை.

உங்களுக்குச் சொந்த ஊர் எது? ஓ, அப்படியா. அங்கே எந்தத் தெரு? சரி. சரி. வெறுமனே கேட்டேன். எனக்குத் தெரிந்த கணக்காசிரியர் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். அவர் வேறு தெரு. கோமு, டீச்சருக்குக் காப்பி கொண்டுவா. காகிதக் கப்பில் ஊற்றிக் கொண்டுவா. கொரோனாக் காலத்திலிருந்து இந்த வீட்டில் அதுதான் வழக்கம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிறைமதி இரண்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். வயது ஆறு ஆண்டு ஒன்பது மாதம். தந்தை பெயர் தங்கமாடன், மின்வாரியத்தில் பொறியாளர். மடிப்புக் கலையாத சட்டை, அளந்த பேச்சு. பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது. சேர்க்கை விண்ணப்பத்தின் ஏழாவது வரியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் என்ன? முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நான் எந்த வேற்றுமையும் பாராட்டியதில்லை. வேண்டுமென்றால் எழுதியே தருகிறேன்.

தாய் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். அவர்தான் விவரம் சொன்னார். “டீச்சர், இவளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரே ஒரு கடலை போதும், தொண்டை வீங்கி மூச்சடைச்சிரும். பத்து நிமிஷந்தான் டைம். இந்த ஊசியப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். ஊசி போடலன்னா பிள்ள நமக்கில்ல.”

நமக்கில்லை என்று அந்தத் தாய் சொன்னபோது குரல் மாறவில்லை. பலமுறை சொல்லிப் பழகியிருந்தார் போலும். எங்களுக்கு முன் இரண்டு பள்ளிகள் கைவிரித்துவிட்டன. நான் சேர்த்துக்கொண்டேன். ஊர் அதை வசதியாக மறந்துவிடுகிறது.

இப்போது சிக்கலைக் கேளுங்கள். எங்கள் தாளாளர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடலை வியாபாரம். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கடலைமிட்டாய்ப் பட்டறை. வெல்லப்பாகு காய்கிற வாசனை எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவது மணி மாதிரி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்புக்கு ஒரு பிள்ளைக்கு, அந்த வாரம் ஒழுங்காக வந்ததற்காக, தாளாளர் கையால் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம். அவருடைய பாட்டனார் காலத்து ஏற்பாடு.

அப்படியிருக்க, பள்ளியில் கடலையே கூடாது என்று எழுத முடியுமா? நிறைமதியின் தாய் அதைத்தான் கேட்டார். “கடலைய மட்டும் உள்ள விடாம இருந்தாப் போதும் டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம்.” ஒரு வரியில் முடித்துவிடப் பார்த்தார். கொள்கை என்பது ஒரு வரியில் முடிகிற காரியமா? கடலையை அகற்ற முடியாது. குழந்தையைச் சற்று அகற்றலாம். எது எளிது என்று நீங்களே சொல்லுங்கள். நான் பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினேன்.

ஐந்தாம் விதி: மேற்படி மாணவிக்குத் தனி பெஞ்சு, வகுப்பின் வடகிழக்கு மூலையில், சன்னலோரம்.

பதினைந்தாம் விதி: உணவு இடைவேளையில் மேற்படி மாணவியின் அருகில் பிற மாணவர் எவரும் அமர்தல் கூடாது.

பதினேழாம் விதி: மேற்படி மாணவிக்குத் தனிக் குடிநீர்ப் பானை, தனி டம்ளர். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடாதபடி விளிம்பில் சிவப்புச் சாயம் பூசித் தனி ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். கடலை தின்ற பிள்ளையின் வாய் பட்ட டம்ளரில் அவள் குடித்துவிடக் கூடாதல்லவா? நல்ல கனமான எவர்சில்வர் டம்ளர். நானே கடைக்குப் போய்த் தட்டிப் பார்த்து வாங்கினேன்.

இருபத்திரண்டாம் விதி: ஊசி மருந்து தலைமையாசிரியர் அறையில், கண்ணாடி பீரோவில், பூட்டில் இருக்கும், சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். விலையுயர்ந்த பொருள், வெளிநாட்டிலிருந்து தருவித்தது. மாரிக்கனி என்று ஒருத்தி அந்த அறையைக் கூட்டிப் பெருக்க வருவாள். யாரையும் நான் சந்தேகிக்கவில்லை. பூட்டு என்பது சந்தேகமில்லாமல் இருப்பதற்குத்தானே.

மருந்தைக் கொடுக்க வந்த அன்று தங்கமாடன் தண்ணீர்ப் பானைகள் இருக்கும் இடத்தில் நின்றுவிட்டார். சிவப்பு விளிம்பு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யாரு யோசனை டீச்சர்?”

“என்னுடையது” என்றேன். பெருமையாகச் சொன்னேன் என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான்.

“வேற வழி இல்லையா?”

“இதைவிடத் தெளிவான வழி இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்ளலாம்.”

அவர், “எங்க ஊர் டீக்கடையில, எங்க அப்பா காலத்துல…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். டீக்கடைகளில் டம்ளர்களைச் சரியாகக் கழுவுவதில்லை என்று சொல்ல வந்தார் என நினைக்கிறேன். ஆமாம், சுகாதாரம் என்பதே கிடையாது என்று நானும் ஆமோதித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு வேறு பள்ளி இல்லையே.

ஊசி போடும் முறையைச் சொல்லிக்கொடுக்கத் தாய் ஒருநாள் வந்தார். ஆசிரியைகள் எட்டுப் பேரையும் கூட்டினேன். ஊசி போடுவது எங்கள் பணியில் வராது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அதைப் பின்னிணைப்பு இரண்டில் சேர்த்துக்கொண்டேன். அந்தத் தாய் கையில் மாதிரி ஊசியோடு சும்மா நின்றார். அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்த மாரிக்கனி துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“எனக்குச் சொல்லிக் குடுங்கம்மா. நான் மாட்டுக்கே ஊசி போட்டுருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தாய் மட்டும் சிரிக்காமல் அவளுக்கு நான்கு முறை சொல்லிக்கொடுத்தார். மூடியைக் கழற்று, தொடையில் குத்து, பத்து எண்ணும் வரைக்கும் எடுக்காதே.

விதிகளை எழுதிவிட்டால் போதாது. பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டும். அதற்காக ஓர் உறுதிமொழி இயற்றினேன். நாள்தோறும் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தவுடன் இருநூற்று அறுபது பிள்ளைகளும் கையை நீட்டிச் சொல்வார்கள். “நிறைமதியைத் தொடமாட்டோம். நிறைமதிக்குக் கையால் எதுவும் கொடுக்கமாட்டோம். நிறைமதியிடமிருந்து கையால் எதுவும் வாங்கமாட்டோம்.” ஓசைநயத்தைக் கவனித்தீர்களா? மூன்று வரியும் ஒரே முடிவு. அதனால்தான் நாவில் நின்றது. நிறைமதியும் வரிசையில் நின்று சொல்வாள். முதல்நாள் தயங்கினாள். “நீயும் சொல்லலாம், தவறில்லை” என்றேன். அதன் பிறகு அவளைப் போல் திருத்தமாகச் சொன்ன பிள்ளை எவரும் இல்லை.

பலன் உடனே தெரிந்தது. ஆடி முடிவதற்குள் அவள் நடந்து வந்தால் பிள்ளைகள் தாமாகவே இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். விளையாட்டு நேரத்தில் ஒரு புது விளையாட்டும் தோன்றியது: நிறைமதி யாரைத் தொடுகிறாளோ அவர் ‘அவுட்’. பிள்ளைகளின் கற்பனைக்கு எல்லையே இல்லை. அவள் ஒருவரையும் தொட முயலவில்லை என்பதால் அந்த விளையாட்டு சீக்கிரம் சலித்துவிட்டது.

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி பார்த்துவிட்டு அயர்ந்துபோனார். “இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் எங்கயும் பார்த்ததில்லம்மா” என்றார். வட்டாரத்துத் தலைமையாசிரியர்கள் அனைவருக்கும் நான் இந்தக் கொள்கையை விளக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நாள்: கார்த்திகை மூன்றாம் வெள்ளி. இடம்: ஊரின் மறுகோடியில் ஒரு மண்டபம்.

காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினைந்தாம் விதி பிற மாணவர்களைத்தான் தடுத்தது. பணியாளர்களைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை. ஆகவே மாரிக்கனி தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய், நிறைமதியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். “நீ இன்னிக்கு என்னடி கொண்டாந்த?” என்று கேட்டுக்கொண்டு. ஒருமுறை கண்டித்தேன். “பிள்ள தனியா மென்னுக்கிட்டுக் கிடக்கு டீச்சரம்மா. நான் மாணவியா?” என்றாள். விதியின்படி அவள் சொன்னது சரி. விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்புப் பரிசு செண்பகவல்லிக்குக் கிடைத்தது. பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. அவள் பிரித்துவிட்டாள். பிரித்து, ஒரு மிட்டாயை எடுத்து, சட்டை நுனிக்குள் வைத்துப் பல்லால் இரண்டாக உடைத்து, மாரிக்கனி தூக்குவாளியோடு வருவதற்கு முன்பே ஒரு பாதியைக் கொண்டுபோய் நிறைமதியின் பெஞ்சில் வைத்தாள். காக்காக் கடி. நீங்களும் சின்ன வயதில் கடித்திருப்பீர்கள். துணியை வைத்துக் கடித்தால் எச்சில் ஒட்டாது; எச்சில் ஒட்டாததை யாரும் தின்னலாம். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

பிற்பாடு விசாரணையில் நானே அவளைக் கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை பதிவாகியிருக்கிறது.

“கொடுக்கமாட்டேன் என்று தினமும் உறுதிமொழி சொல்கிறாயே, ஏன் கொடுத்தாய்?”

“கையால குடுக்கல டீச்சர். சட்டையாலதான் குடுத்தேன்.”

“அது கடலைமிட்டாய் என்று தெரியுமல்லவா?”

“தெரியும் டீச்சர். துணி வச்சுக் கடிச்சா எச்சி போயிரும்லா. எச்சியே போவும்போது கடலை போவாதா?”

“அப்படியென்று யார் சொன்னது?”

“எச்சிதான் எல்லாத்துலயும் மோசம்னு நீங்கதான் டீச்சர் சொன்னீங்க. ஒண்ணாப்புல.”

சொல்லியிருக்கிறேன். ஆண்டுதோறும் முதல் வகுப்புக்கு எச்சில், தீட்டு, தூய்மை பற்றிய பாடத்தை நான் வேறு எவரிடமும் விடுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை. வாதத்தில் குறை காண முடியவில்லை. “இத்தனை நாள் கொடுக்காமல் அன்றைக்கு ஏன்?” என்று மட்டும் கேட்டேன். “அன்னிக்குத்தான் எனக்குக் கெடச்சுது. கெடச்சா ஆளுக்குப் பாதின்னு முன்னாடியே பேசிக்கிட்டோம்” என்றாள். எப்போது பேசிக்கொண்டார்கள், எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. அருகில் போவதற்கே தடை இருந்தது.

நிறைமதிக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் வாயில் போட்டிருக்கிறாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு பிள்ளை அவள் பெஞ்சுக்கு வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை என்று பின்னால் தாயிடம் சொன்னாளாம். ஒழுக்கக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நோயாளிக் குழந்தை. பதிவேட்டில் அப்படி எழுதவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு உதடு வீங்கியது. ஐம்பத்திரண்டுக்கு இருமல். வகுப்பாசிரியை என் கைப்பேசிக்கு அழைத்தார். நான் மண்டபத்தில் நாற்பத்திரண்டு தலைமையாசிரியர்களுக்கு முன்னால் பதினேழாம் விதியை விளக்கிக்கொண்டிருந்தேன். அவையில் பேசும்போது கைப்பேசியை ஒலியடக்கிப் பையில் வைப்பது நாகரிகம். பத்தொன்பது முறை அழைத்திருக்கிறார். பீரோச் சாவி என் இடுப்பில் இருந்தது. இருபத்திரண்டாம் விதிப்படி அது இருக்க வேண்டிய இடம்.

எட்டு ஆசிரியைகளும் பீரோவுக்கு முன்னால் கூடி நின்றிருக்கிறார்கள். ஊசி கண்ணாடி வழியாகத் தெரிகிறது. ஒருவர் சாவிக்காரனை அழைக்கலாம் என்றாராம். ஒருவர் தாளாளரைக் கேட்கலாம் என்றாராம். அதற்குள் மாரிக்கனி ஓடிப்போய், மணி அடிப்பதற்காகத் தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த இரும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்தாள். மணித்தடியை அவள் கையில் பார்த்ததும் பிள்ளைகள் பள்ளி விட்டுவிட்டது என்று பையை எடுத்தார்களாம். அவள் கூட்டத்தை விலக்கி, ஒரே போடு. கண்ணாடி முழுவதும் போயிற்று. முந்தின ஆண்டுதான் புதிதாகப் போட்ட கண்ணாடி.

கையில் ரத்தம் வழிய ஊசியை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையின் தொடையில் குத்தி, உரக்க எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. ஐந்தைத் தாண்டும்போது அந்த வகுப்பு முழுவதும் அவளோடு சேர்ந்து எண்ணியதாம். பத்து முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, முதலில் வந்த ஆட்டோவில் ஏறிவிட்டாள். வெளியேறும் பதிவேட்டில் கையெழுத்திடவில்லை.

குழந்தை பிழைத்தது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் என்று அங்கே ஏதோ சொன்னார்களாம். மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பள்ளிக்குத் திரும்பி வரும்போதும் அது தோளில்தான் இருந்தது. கழற்ற நேரமில்லை.

சனிக்கிழமை விசாரணை.

“யாரைக் கேட்டுப் பீரோவை உடைத்தாய்?” என்றேன் மாரிக்கனியிடம்.

“கேக்குறதுக்கு அங்க யாரு இருந்தா டீச்சரம்மா? சாவி உங்க இடுப்புல இருந்துச்சு. பிள்ள நீலம் பாஞ்சு கெடந்துச்சு. அதுகிட்டயா கேக்க?”

“உன் செயலின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. முறையைத்தான் சொல்கிறேன்.”

“முறையா?” என்றாள். கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “சரி. கண்ணாடி எவ்வளவுன்னு சொல்லுங்க. பிடிச்சுக்கிடுங்க.” இதில் ஒரு நேர்மை இருந்ததை நான் மறுக்கமாட்டேன். அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

திங்கட்கிழமை தங்கமாடன் வந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்டார். அவசரப்பட வேண்டாம், ஒன்பதாம் விதியையும் உறுதிமொழியையும் திருத்திவிட்டேன், இனி ‘கையாலோ துணியாலோ’ என்று வரும், இடைவெளி அடைபட்டுவிட்டது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“கண்ணாடிக் காச நான் குடுத்துருதேன் டீச்சர்.”

“இயலாது. உடைத்தவர்தான் செலுத்த வேண்டும். அது பொது விதி. உங்கள் மகளுக்காக எழுதியதல்ல.”

அவர் தலையை ஆட்டினார். சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசல்வரை போனவர், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, ஆணியிலிருந்து அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“இது என்ன விலை டீச்சர்?”

பள்ளிப் பொருளை விற்க வழியில்லை என்றேன். பிறகு, இனி அது எவருக்கும் பயன்படாதே என்று யோசித்தேன். சிவப்பு விளிம்பு டம்ளரில் வேறு எந்தப் பிள்ளை குடிக்கும்? வாங்கிய விலையைச் சொன்னேன்.

“எங்க அப்பாட்ட காட்டணும்” என்றார். “எம்பத்தோரு வயசு. எல்லாம் மாறிருச்சுப்பா, என் பேத்தி காலத்துல அதெல்லாம் கிடையாதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதாரு.”

எது மாறிவிட்டது என்று நான் கேட்கவில்லை. மகளுடைய பள்ளிக்கூட நினைவாக ஒரு பொருளைத் தகப்பனாரிடம் காட்டி மகிழ நினைக்கிறார். அதில் நாம் தலையிடுவானேன். துடைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

நிறைமதி இப்போது வேறொரு பள்ளியில் படிக்கிறாள். அங்கே ஒரு விதிகூட எழுதவில்லையாம். கடலையை உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான் என்கிறார்கள். மாரிக்கனியும் பிப்ரவரியிலிருந்து அங்கேதான். ஊசி அவள் இடுப்புப் பையில் இருக்கிறதாம், பூட்டில்லாமல். அந்தப் பள்ளி எத்தனை நாள் ஓடும் என்று பார்ப்போம்.

காப்பி ஆறிவிட்டதே, தொடவே இல்லையா? விதிகளின் கோப்பும் மேசைமேலேயே கிடக்கிறது. இருங்கள், புறப்படுவதற்கு முன் யார் எதைச் செலுத்தினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஊரில் அதைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். பீரோக் கண்ணாடிக்கு அறுநூற்று நாற்பது ரூபாய், மாரிக்கனி. அதில் பாதியை டிசம்பர்ச் சம்பளத்திலும் மீதியை ஜனவரிச் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டோம். டம்ளருக்கு நாற்பத்தைந்து ரூபாய், தங்கமாடன். அந்தத் திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, சில்லறை பாக்கியில்லாமல், ரசீதோடு. நான் செலுத்த வேண்டியது எதுவும் இருக்கவில்லை.